ஒரு திறப்பு, அறுபத்திமூண்டு பேர்

காலமை ஆறரைக்கு ஒரு பிளேன்ரீ.
அதுக்குப் பிறகு ரெண்டு மணி மட்டும்
தொண்டைக்குள்ளை ஒண்டும் இறக்கிறேல்லை.
குருநகர் நண்டுக் கொம்பனியிலை
எட்டு வரியமாய் நான் பிடிக்கிற விரதம் இது.
எந்தச் சாமிக்கும் இல்லை,
சுப்பவைசரின்ரை மேசை லாச்சிக்குள்ளை கிடக்கிற
ஒரு திறப்புக்கு.

திறப்பிலை ஒரு பலகைத் துண்டு கட்டியிருக்கும்.
எடுத்தால் கொப்பியிலை நேரம் போடோணும்.
நாலு நிமிசத்துக்கு மேலை போனால்
என்னத்துக்கெண்டு கேப்பார்,
எல்லாருக்கும் கேக்கக்கூடியதாய்.
பெட்டி தூக்கிற பெடியளுக்குக் கொப்பி இல்லை.
அவங்களுக்கு மதில் இருக்கு,
மதிலுக்கு அங்காலை கடல் இருக்கு,
நாள்கூலியும் இருக்கு.
எங்களுக்குக் கிலோக் கணக்கு:
கால் முறிச்சு, ஓடு பிரிச்சு,
ஒரு கோதும் கலவாமல் வெள்ளைச் சதை.
எழும்பி நடந்தால் தராசு நிண்டிடும்.

சுகமில்லாத நாளிலை எமல்டா
ரெண்டு ஏப்ரன் கட்டுவாள்.
நாங்கள் காணாத மாதிரி நண்டைப் பாப்பம்.
துசாந்தி ஏழாம் மாசத்திலை ஒருக்கா, மேசையடியிலேயே,
அதை விடுவம்.
சொல்லவேண்டாம் எண்டவள்.

பெரியாஸ்பத்திரியிலை ஸ்கான் பண்ணிச்சினம்.
ஆறு மில்லிமீற்றர், வலப்பக்கம்.
"தண்ணி குடிக்கிறேல்லையோ?" எண்டா டொக்டர்.
முப்பது வயதும் இராது. கண் ரெண்டும் சிவந்திருந்தது.
அவவின்ரை மேசையிலும் ஒரு போத்தல்,
மூடி உடைக்காமல்.
நான் அதைப் பாத்தன்.
நான் பாத்ததை அவ பாத்தா.
துண்டிலை மூண்டு லீற்றர் எண்டு எழுதி
கீழை ரெண்டு கோடு இழுத்தா,
பேனை கடதாசியைக் கிழிக்கிற மாதிரி.

அண்டிரவு இவர்
எஞ்சின் எண்ணெய்க் கையோடை வந்து
கதிரையிலை சாய்ஞ்சு "தண்ணி" எண்டார்.
வழமையாய் அந்தச் சொல் முடிய முதல் எழும்பியிருப்பன்.
"குசினிக்கை இருக்கு."
கொஞ்ச நேரம் ஃபான் மட்டும் சுத்திச்சுது.
போனார்.
ஏதோ உருண்ட சத்தம்.
"கப் எங்கை வைக்கிறனீர்?"
கலியாணம் கட்டிப் பதினாலு வரியம்.
ஒரு கப்தான் கொண்டுவந்தார்.
பாதி குடிச்சிட்டு மிச்சத்தை என்னட்டை நீட்டினார்.
சரிபாதி எண்டு சொல்லமாட்டன்,
விளிம்பிலை எண்ணெய் மணந்தது.
குடிச்சன்.

திங்கக்கிழமை ஒண்டரை லீற்றர் போத்தலை
நண்டு மேசையிலை தூக்கி வைச்சன்.
எமல்டா பாத்தாள்.
செவ்வாய்க்கிழமை அவளும் ஒண்டு.
வெள்ளி காலமை பத்தரைக்கு
பத்தொன்பது பேர் லாச்சிக்கு முன்னாலை நிண்டம்.
"என்ன பிள்ளையள், நண்டெல்லோ காத்திருக்குது."
"அது செத்துப்போச்சு சேர்,
நாங்கள்தான் காத்திருக்கிறம்" எண்டாள் பிளசிடா.
சம்பளத் துண்டு வாங்கேக்கையும் வாய் திறவாதவள்.

அந்தக் கிழமை எல்லாருக்கும்
இருநூற்றுப் பன்னிரண்டு ரூபா குறைஞ்சுது.
அடுத்த கிழமை திறப்பு
வெளியிலை ஆணியிலை தொங்கிச்சுது.
கொப்பி இன்னும் இருக்கு.
கல்லும் இருக்கு.

நேற்று மகளின்ரை பள்ளிக்கூடப் பையைக் கழுவ எடுத்தன்.
போத்தல் பாரமாய் இருந்தது.
காலமை நான் விட்ட தண்ணி
நான் விட்ட அளவிலேயே.
"ஏன் ஷெறோமி குடிக்கேல்லை?"
"பெட்டையளின்ரை ரொயிலெற்றுக்குக் கதவில்லை அம்மா."
வெளியிலை மழை தூறுது எண்டமாதிரிச் சொன்னாள்,
சொல்லிப்போட்டுக் கணக்குக் கொப்பியை விரிச்சாள்.

நாளைக்கு அரைநாள் லீவு கேட்டிருக்கிறன்.
ஃபோமிலை, காரணம் எண்ட இடத்திலை,
கதவு எண்டு எழுதினன்.